குடித்த பாலில் பாதி வெளியே வந்துவிடுகிறதே, டாக்டர்?

ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையனுக்குப் பத்து வாரம். பிறந்தபோது 3.1 கிலோ, போன வாரம் நிறுத்தபோது 5.2. பெரும்பாலும் தாய்ப்பால்தான், ராத்திரி கொஞ்சம் கூடுதலாகத் தூங்கட்டும் என்று படுக்கும் முன் ஒரு புட்டி பவுடர் பால், 150 மில்லி. ஒவ்வொரு முறை குடித்த பிறகும் கக்குகிறான், சில சமயம் அரைமணி கழித்துத் தயிர் மாதிரி வருகிறது, இரண்டு தடவை மூக்கு வழியாகவும் வந்துவிட்டது. "குடிப்பதில் பாதி வெளியே போகிறது. குப்புறப் படுக்கவை என்கிறார்கள், தலைக்கு உயரம் கொடு என்கிறார்கள், ஆசிடுக்கு மருந்து கேள் என்கிறார்கள். நான் எதைச் செய்வது?"

பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். 3.1லிருந்து 5.2. குடித்ததில் பாதியை வெளியே விடுகிற குழந்தை பத்து வாரத்தில் இரண்டு கிலோ ஏறவே முடியாது. முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி, உங்கள் பையன் அதையும் தாண்டிப் போகிறான். பாதி போன மாதிரித் தெரிவது துணி காட்டும் வித்தை. சந்தேகமாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி பாலை, அதாவது 15 மில்லியை, ஒரு துண்டில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

இதற்குத் தமிழில் சரியான சொல்லே இருக்கிறது, எதுக்களிப்பு. வாந்தி வேறு. வாந்தியில் குழந்தை ஓங்கரிக்கும், வயிறு இறுகும், முகம் மாறும். எதுக்களிப்பில் எந்தப் பாடும் இல்லாமல் பால் வழிந்துவிடும், வழிந்த பிறகு உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருக்கும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு, விழுங்கும்போது திறந்து, அப்புறம் மூடிக்கொள்ள வேண்டியது. கைக்குழந்தைகளுக்கு அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. நமக்கும் தளரத்தான் செய்கிறது, ஆனால் நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் ஏப்பத்தோடு போய்விடும். குழந்தைக்கோ இரைப்பை சிறியது, குழாய் குட்டை, உள்ளே போவது முழுக்கத் திரவம், நாள் முழுக்க மல்லாந்த நிலை. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தயிர் மாதிரி வருவதைப் பார்த்துப் பால் சேரவில்லை, செரிக்கவில்லை என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இரைப்பைக்குப் போன பால் திரியத்தான் வேண்டும், பாலின் புரதம் செரிக்கத் தொடங்குவது அங்கேதான். உடனே வந்தால் பாலாக வரும், தாமதித்து வந்தால் திரிந்து வரும், அவ்வளவுதான். மூக்கும் வாயும் பின்னால் தொண்டையில் ஒன்றாகத்தானே சேர்கின்றன, அதனால் மூக்கில் வந்ததற்கும் தனியாகக் கவலை வேண்டாம், துடைத்துவிட்டால் போதும்.

சரி, குறைக்க என்ன செய்யலாம்? எனக்கு அந்த ராத்திரிப் புட்டி மேல்தான் சந்தேகம். பவுடர் பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்குக்கூட ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 150 மில்லி என்பது பொதுவான கணக்கு. உங்கள் பையனின் எடைக்கு அது 780 மில்லி, ஏழெட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு நூறு, நூற்றுப் பத்து. நீங்கள் ஒரே மூச்சில் 150 கொடுக்கிறீர்கள். அதை 90 அல்லது 100 ஆக்குங்கள், புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் படுக்கைவாட்டில் பிடியுங்கள், நடுவில் இரண்டு முறை நிறுத்தி ஏப்பம் எடுக்கவையுங்கள். வாயைத் திருப்பிக்கொண்டால் மிச்சத்தைக் கீழே கொட்டலாம், குழந்தை வயிற்றில் கொட்ட வேண்டாம். கக்கினதை ஈடுகட்ட உடனே இன்னொரு முறை ஊட்டுவதும் வேண்டாம், பசித்தால் அவனே கேட்பான். கக்குகிறான் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

குடித்த பிறகு 20, 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். குழந்தை இருக்கையில் சாய்த்து உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது, அதில் இடுப்பு மடங்கி வயிறு அமுங்குவதால் எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இறுக்கமாகக் கட்டிய டயப்பரும் அதே வேலையைச் செய்யும்.

குப்புறப் படுக்கவைக்கச் சொல்கிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இந்த அமைப்பு அப்படியே தலைகீழ். அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாக்கத் தூங்கவையுங்கள் என்று பெரிய பிரசாரமே தொடங்கினார்கள், அடுத்த சில ஆண்டுகளில் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் பாதியளவுக்குக் குறைந்தன, பால் புரையேறிச் சாவது கூடவில்லை. தலைக்கு உயரம் வைப்பதால் எதுக்களிப்பு குறைவதில்லை, மாறாகக் குழந்தை சரிந்து, கழுத்து மடங்கி மூச்சு தடைப்படும் ஆபத்துதான் மிச்சம். தலையணை வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சமமான, கெட்டியான படுக்கை, மல்லாந்த நிலை. கக்குகிற குழந்தைக்கும் அதேதான்.

மருந்து விஷயம் எனக்கு எரிச்சல் தருகிற விஷயம். அடிக்கடி பால் குடிக்கிற குழந்தையின் இரைப்பையில் பாலே அமிலத்தைத் தணித்துவிடுகிறது, மேலே வருவதில் பெரும்பகுதி பால்தான். ஒமிப்ரசோல் மாதிரியான மருந்து அமிலத்தைக் குறைக்குமே தவிர, பால் மேலே வருவதைத் தடுக்காது. கிருமிகளைக் கொல்லும் அமிலத்தைத் தேவையில்லாமல் குறைத்தால் வயிற்றிலும் நுரையீரலிலும் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். சில குழந்தைகளுக்கு அது உண்மையாகவே தேவைப்படும், அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். புட்டிப் பாலில் மாவு கலந்து கெட்டியாக்குவதும் நீங்களாகச் செய்கிற வேலையில்லை.

கக்கின பிள்ளை தக்கும் என்று சொலவடை உண்டு, பெரும்பாலும் சரிதான். பொருந்தாத குழந்தைகளும் இருக்கிறார்கள். பச்சையாக வாந்தி எடுத்தால் அது குடல் முறுக்காக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தமோ காப்பித்தூள் நிறமோ கலந்து வந்தாலும் அப்படித்தான். பீய்ச்சியடிக்கிற வாந்தி, எடுத்த கையோடு மறுபடி பசிக்கிறது என்று அழுகை, எடை நின்றுபோவது, இவை மூன்றும் சேர்ந்தால் இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் தெரியவரும், ஆண் குழந்தைகளிடம் அதிகம், சிறிய அறுவை சிகிச்சையில் முழுசாகச் சரியாகிவிடும். வயிறு உப்பிக் கெட்டிப்படுவது, உச்சிக்குழி புடைப்பது, குழந்தை துவண்டு கிடப்பது, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், சிறுநீர் வெகுவாகக் குறைவது, பாலையே மறுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். கக்குவதோடு மலத்தில் சளியோ ரத்தமோ, தோலில் கரப்பானோ இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் புதிதாகத் தொடங்குகிற கக்கலும் பார்க்கப்பட வேண்டியதுதான்.

உங்கள் பையனிடம் இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரம் புட்டியைக் குறைத்துப் பாருங்கள், எடையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த எதுக்களிப்பு நாலாவது மாதம் வாக்கில்தான் உச்சத்துக்குப் போகும், உட்காரத் தொடங்கியதும் குறையும், ஒரு வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நின்றுவிடும். அதனால் அடுத்த மாதம் இன்னும் கூடுதலாகக் கக்கினால் பயந்துபோய் எனக்கு எழுதுவதற்கு முன் எடை அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.