தொட்டிக்குள்ள ஓசியில வந்த ஆளுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மண்டபம் வாசகர்): அண்ணே, வீட்ல மூணடி கடல் மீன் தொட்டி வச்சிருக்கேன். சென்னையில கடையில வாங்குன கல்லோட ஏதோ வந்திருக்கு போல, ராத்திரி லைட்ட அணைச்சதும் டிக் டிக்னு சத்தம், போன வாரம் ஒரு கோமாளி மீனைக் காணோம். கல்லு மேல பழுப்பு கலர்ல குட்டிக் கடல் சாமந்தி வேற முளைச்சிருக்கு. எல்லாத்தையும் கடல்லயே கொட்டிடவா?

பதில்: கொட்டுறத மட்டும் செஞ்சிராதீங்க தம்பி, ஏன்னு கடைசில சொல்றேன். சத்தம் கேட்டாலே மீன், நத்தையை அடிச்சுத் தின்னுற மான்டிஸ் இறால்னு அலறிர்றாங்க, பல நேரம் அது பிஸ்டல் இறாலாத்தான் இருக்கும், ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்கும், அதை மூடுற வேகத்துல தண்ணிக்குள்ள ஒரு குமிழி உண்டாகி உடையுது பாருங்க, அந்தச் சத்தம். அது பாட்டுக்கு மண்ணைத் தோண்டிட்டுக் கெடக்கும், விட்டுருங்க. ஆனா காலையில நத்தை ஓடு சுக்குநூறா கெடந்து மீனும் கொறைஞ்சுட்டே வந்தா மான்டிஸ் மேலதான் சந்தேகப்படணும். அதுல ஒரு ஜாதியோட அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம்னு அளந்திருக்காங்க, அதனால விரலை விட்டு நோண்டாதீங்க.

டார்ச்சுல செகப்புக் கண்ணாடித்தாள் சுத்தி ராத்திரி பாருங்க, எந்த ஓட்டைன்னு தெரிஞ்சுரும். அந்தக் கல்லை மட்டும் தொட்டித் தண்ணி ஊத்துன வாளிக்கு மேல தூக்கிப் புடிச்சு, சிரிஞ்சால ஓட்டைக்குள்ள சோடாவைப் பீச்சுனா மூச்சு முட்டி வாளிக்குள்ள விழுந்துரும். வெறும் சோடா தம்பி, பன்னீர் சோடா இல்ல. அப்பறம் கல்லை நல்லா அலசி உள்ள வைங்க.

அந்தச் சாமந்தி அனேகமா ஐப்டேசியா, களை மாதிரிப் பெருகுற ஜாதி. கத்தியால சொரண்டுனா ஒண்ணு பத்தாகும், துளி சதை ஒட்டியிருந்தாலே முளைச்சுரும். மோட்டாரை நிப்பாட்டிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடு, அதான் சுண்ணாம்புப் பவுடரைக் கூழா கரைச்சு ஊசி இல்லாத சிரிஞ்சால அது வாய் மேல மெதுவா விடுங்க. ஒரே நாள்ல நாலஞ்சுக்கு மேல வேணாம், பி.எச்., அதான் தண்ணியோட காரத்தன்மை, எகிறிரும். வெத்தலைக் கடையில விக்கிற வாசனைச் சுண்ணாம்பு இதுக்கு ஆகாது.

கேள்வி (கீழக்கரை வாசகி): கல்லுக்கு அடியில பூரான் மாதிரி முடி வச்ச புழு நெளியுது, மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்தெல்லாம் வேணாம்மா, மிச்ச தீனியைத் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்றதே அதுதான். கூட்டம் பெருகுனா நீங்க தீனி அதிகமா போடுறீங்கன்னு அர்த்தம். வெறுங்கையால தொடாதீங்க, முள்ளு ஏறுனா செல்லோ டேப்பை ஒட்டி உரிச்சு எடுங்க.

கேள்வி (பாம்பன் வாசகர்): இங்க கரையில ஒதுங்குற பவளக்கல்லையே எடுத்துப் போட்டா காசு மிச்சம்தானே?

பதில்: கேஸ் ஆயிரும் ஐயா. பாறை கட்டுற பவளம் எல்லாத்தையும் 2001-லயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்தாச்சு, செத்த கல்லா இருந்தாலும் கை வைக்கக் கூடாது. சிமெண்ட், செராமிக்ல செஞ்ச கல்லே போதும், அதுல இந்த விருந்தாளித் தொல்லையும் இல்ல.

மண்டபம் தம்பிக்குச் சொல்ல வேண்டியதும் இதோட சேர்ந்ததுதான். தூத்துக்குடிலேர்ந்து பாம்பன் வரைக்கும் இருக்குற 21 தீவும் 1986-லேர்ந்து தேசியப் பூங்கா. வளர்க்கக் கொண்டாந்த காப்பாஃபைகஸ்ங்கிற கடல் பாசி அதுல ஒண்ணான குருசடைத் தீவுல உயிர்ப் பவளத்து மேல படர்ந்துட்டதை 2008-ல பதிவு பண்ணியிருக்காங்க, வெளியூர்ச் சரக்கு ஒண்ணு உள்ள எறங்குனா அந்தப் பாடுதான். அதனால பிடிச்சதைக் கவர்ல கட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல வச்சுட்டுக் குப்பையில போடுங்க, வீட்ல சொல்லிட்டு வைங்க, கொழம்புல போட்டுறப் போறாங்க.