கமலாவில் தொலைந்த 'ம'

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை எழுதப் போகிறார்கள், எழுத்துக்கு 1 வெள்ளி கூலி. பட்டியலைப் படித்து எழுத்துகளை எண்ண சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். கோப்பிலிருந்து ஒவ்வொரு குறியாகப் படிக்கும் எஃப்கெட்டபிள்யூசி (fgetwc) வைத்து ஒன்றைப் படித்து, அடுத்து வருவது துணைக்குறியா (கால், கொம்பு போன்றவை) என்று பார்க்கிறேன். 'கமலா'வுக்கு 2 எழுத்து என்கிறது! படித்ததைத் திருப்பி வைக்க அன்கெட்சி (ungetc) போட்டுப் பார்த்தேன், இன்னும் குழப்பம்தான்.
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தொலைந்தது 'ம', அம்மா. 'க'வைப் படித்தீர்கள், துணைக்குறி வருகிறதா என்று பார்க்க இன்னொன்றையும் எடுத்தீர்கள், வந்தது 'ம', துணைக்குறி இல்லை என்றதும் 'க'வை எண்ணிவிட்டு 'ம'வை அப்படியே விட்டுவிட்டீர்கள். அடுத்த சுற்று 'ல'வில் தொடங்கிவிட்டது. எட்டிப் பார்க்க எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும், அதற்குத்தான் அன்கெட்டபிள்யூசி (ungetwc).

அன்கெட்சி பைட்டுக்கு உரியது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'ம' மட்டுமே 3 பைட். வைட் கேரக்டராக, அதாவது பைட் பைட்டாக இல்லாமல் முழுக் குறியாகப் படிக்கத் தொடங்கிய ஸ்ட்ரீமில் (திறந்த கோப்பில்) பைட் ஃபங்ஷனைக் கலக்கவே கூடாது. மொழி அமைப்பைச் சொல்லும் செட்லோக்கேல் (setlocale) ஏற்கெனவே போட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் தமிழே ஒழுங்காக வந்திருக்காது.

துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 3006 முதல் 3021 வரைக்குள் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடுங்கள், வெளியே என்றால் திருப்பி வையுங்கள். இதற்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் இஃப் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்கும் வைல் போடுங்கள், ஏனென்றால் சிலர் தட்டச்சு செய்த 'கொ'வில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வரும். படித்ததை விண்ட்-டி (wint_t) வகை மாறியில் வையுங்கள். கோப்பு முடிந்ததற்கு அடையாளமான டபிள்யூஇஓஎஃப் (WEOF) வந்தால் அதைத் திருப்பி வைக்க முடியாது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம், திருப்பி வைத்த கையோடு, கோப்பில் படிக்கும் இடத்தை மாற்றும் ரீவைண்டோ எஃப்சீக்கோ அழைத்தால் வைத்தது போய்விடும்; கோப்பில் எதுவும் மாறாது.

ஒன்றே ஒன்றைத் திருப்பி வைக்கத்தான் சி உத்தரவாதம் தருகிறது. 'கமலா'வுக்கு அது போதும். 'ஸ்ரீ'யை ஒரே எழுத்தாக எண்ணுவதானால்தான் சிக்கல்: 'ஸ்' முடிந்து 'ர' வந்த பிறகும் அடுத்தது 'ீ'தானா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் இரண்டைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், இரண்டாவது தோற்கலாம். அதற்கு நீங்களே ஒரு சின்ன அர்ரே (வரிசை) வைத்து, படிக்கும்போது முதலில் அதைப் பாருங்கள். அதற்கு முன்னால் பலகை எழுதுபவரிடம் 'ஸ்ரீ' ஒன்றா இரண்டா என்று கேட்டுவிடுங்கள், அது அவருடைய கூலி.