இருமல் நின்றது, மாத்திரையும் நின்றது: டி.பி. நோயாளியின் மௌனத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தங்கு கடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போகிறவர். மூன்று மாதத்துக்கு முன் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று தெரிந்தது. இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். இருமல் நின்றதும் மறுபடியும் கடலுக்குப் போக ஆரம்பித்தார். படகில் மாத்திரையே சாப்பிடுவதில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. கேட்டால் கோபப்படுகிறார். வீட்டில் தனித்தட்டு, தனி டம்ளர். பிள்ளைகளைக் கிட்டே சேர்ப்பதில்லை. சொந்தக்காரர் யாருக்கும் சொல்லக் கூடாது என்கிறார். ராத்திரியில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னால் எழுந்து போய்விடுகிறார். மனசு உடைந்துபோனால் நோய் குணமாகாதா? அவரை எப்படிப் பேச வைப்பது?
– ஒரு வாசகி, காசிமேடு

மருத்துவர் பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே அவரை மாத்திரை வாங்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ, தண்டையார்பேட்டை அரசு மருத்துவமனையோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனையோ, எதுவானாலும் சரி. எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். நாலைந்து நாள் விட்டவருக்குச் செய்வது வேறு, ஒரு மாதமோ அதற்கு மேலோ விட்டவருக்குச் செய்வது வேறு. சளியை மறுபடி சோதித்து, கிருமி இன்னும் மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. பரிசோதனை முடிவு வரும்வரை தங்கு கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. படகின் அடைசலான அறையில் பல பேர் நெருங்கிப் படுக்கும்போது காற்று வழியாகக் கூட வருபவர்களுக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு. வருமானம் போகும் என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனசு உடைந்துபோனதால் மருந்து வேலை செய்யாமல் போகாது. டி.பி. மருந்துகளான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் சோர்ந்திருப்பவர் உடம்பிலும் கிருமியைக் கொல்லும். ஆனால் அவை வயிற்றுக்குள் போக வேண்டும். மனநிலை இந்த நோயைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் தொடுகிறது. மாத்திரை விட்டுப்போகிறது, சாப்பாடு குறைகிறது, தூக்கம் கெடுகிறது, சிலருக்குக் குடி கூடுகிறது, மருத்துவமனைக்குப் போகும் நாள் தள்ளிப்போகிறது. ஆகவே "தைரியமாக இருந்தால் நோய் ஓடிவிடும்" என்பதும் சரியல்ல, "கவலைப்பட்டதால்தான் குணமாகவில்லை" என்பதும் சரியல்ல. இரண்டாவது பேச்சு நோயாளியின் தலையில் இன்னொரு பழியைச் சுமத்துகிறது. அதை வீட்டில் யாரும் பேச விடாதீர்கள்.

ஹோவர்ட் லெவந்தால் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1980 முதல் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். நோய் வந்த எவரும் மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. ஐந்து கேள்விகளுக்குத் தனக்குத் தானே பதில் வைத்துக்கொள்கிறார். எனக்கு வந்திருப்பது என்ன, எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், என்னை என்ன செய்யும், இதைக் கட்டுப்படுத்த முடியுமா. இதற்குப் பக்கத்திலேயே பயமும் அவமானமும் தனி வழியில் ஓடுகின்றன. ஒருவர் செய்யும் காரியங்களில் சில நோயைக் குறைப்பதற்காக, சில பயத்தைக் குறைப்பதற்காக. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகும் இடத்தில்தான் சிகிச்சை முறிகிறது.

உங்கள் கணவர் படகில் மாத்திரையை விட்டதை இந்தக் கண்ணோடு பாருங்கள். வீட்டில் இரண்டு மாதம் சாப்பிட்டவர் அவர். பிடிவாதம் என்றால் அப்போதே விட்டிருப்பார். படகில் மறைவிடம் கிடையாது. மாத்திரை அட்டையை எடுத்தால் கூட்டாளிகள் கேட்பார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அதையும் பார்த்துவிடுவார்கள். டி.பி. என்று தெரிந்தால் அடுத்த முறை படகில் ஏற்றுவார்களோ என்ற பயம். மாத்திரையை எடுக்காத நாளில் அந்தப் பயம் இல்லை. கூடவே இருமலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் "இப்போதைக்கு வேண்டாம்" என்று தோன்றுவது அவருக்கு நியாயமான முடிவாகவே இருக்கும்.

இதில் மருத்துவத் தவறு ஒன்றுதான்: இருமலை நோய் என்று எடுத்துக்கொண்டது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களில் செத்துவிடும், அதனால் இருமலும் காய்ச்சலும் அடங்கும். மெதுவாகப் பெருகும், உறங்கிக்கிடக்கும் கிருமிகள் மீதம் இருக்கும். அவற்றைத் தீர்க்கத்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, ஆக ஆறு மாதம். நடுவில் விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு மசியாத கிருமி தலைதூக்கலாம். அப்போது சிகிச்சை இன்னும் கடினமாகிவிடும். இதை "செத்துப்போவீங்க" என்று சொல்லிப் பயனில்லை. அவரிடம் ஏற்கெனவே பயம் அதிகம். "இருமல் நின்னது மாத்திரை வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம். மிச்சம் இருக்கறதுக்குத்தான் இந்த நாலு மாசம்" என்றால் காதில் ஏறும்.

ஆனால் அதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டும். குடும்பத்தார் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் அறிவுரை, அதற்குப் பிறகுதான் கேள்வி. அவர் வாய் மூடுவதற்குக் காரணம் "எல்லாம் சரியாயிடும்" என்ற சொல்தான். நீங்கள் அன்பாகச் சொல்கிறீர்கள். அவருக்கோ, "உன் பயத்தைப் பற்றி மேலே பேசாதே" என்று கேட்கிறது. நேருக்கு நேர் உட்காரவைத்து, பிள்ளைகள் முன்னால், விசாரிப்பது போலக் கேட்காதீர்கள். வலை சரிபார்க்கும்போதோ, சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கும்போதோ, கையில் வேலை இருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருந்து கேளுங்கள். "டாக்டர் சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு என்ன வந்திருக்குன்னு நீங்க நெனைக்கறீங்க?" என்று ஒரே கேள்வி. பதில் வரும்வரை காத்திருங்கள். அரை நிமிஷ மௌனம் நீளமாகத்தான் தெரியும், அதை நிரப்பாதீர்கள். வந்த பதில் தவறாக இருந்தாலும் உடனே திருத்தாதீர்கள். "அப்படியா, வேற என்ன தோணுது?" என்று இன்னொரு முறை கேளுங்கள். முக்கியமானது இரண்டாவது பதிலில்தான் வருகிறது.

என்னென்ன வரலாம்? "குடியால வந்துச்சு", "எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, எனக்கு எழுதியிருக்கு", "செய்வினை", "நான் செஞ்ச பாவம்". குடி உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் கல்லீரலையும் கெடுக்கும். ஆனால் நோயைத் தருவது காற்றில் வரும் கிருமி. அப்பாவுக்கு இருந்தது என்றால் ஒரே வீட்டில் மூச்சுவிட்டதுதான் காரணமாக இருந்திருக்கும், ரத்தத்தில் வந்த விதி அல்ல. மாத்திரையைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் "இது எனக்குத் தேவை" என்ற எண்ணமும் "இது என்னை என்ன செய்யுமோ" என்ற கவலையும் தராசின் இரு தட்டு போல நிற்கின்றன, கவலைத் தட்டு தாழ்ந்தால் மாத்திரை நின்றுவிடும். ஆரஞ்சு நிறச் சிறுநீரை ரத்தம் என்றோ சூடு என்றோ நினைக்கிறவர்கள் நிறைய. அது மருந்தின் சாயம், கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் போடலாம் (விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்). மூட்டு வலி, பாதத்தில் எரிச்சல், மதமதப்பு இருந்தால் சொல்லச் சொல்லுங்கள், அவற்றுக்கு வழி உண்டு. பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது, கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போவது, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோயாளியின் எண்ணத்தை மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்கலாம். நியூசிலாந்தில் கீத் பீட்ரியும் மற்றவர்களும் மாரடைப்பு வந்தவர்களிடம் இதைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே மூன்று முறை உட்கார்ந்து, தன் இதயத்துக்கு என்ன ஆனதென்று நோயாளி நினைக்கிறாரோ அதிலிருந்து பேச்சைத் தொடங்கி, தவறான எண்ணங்களைச் சரிசெய்து, வீட்டுக்குப் போனபின் செய்ய வேண்டியதைச் சேர்ந்து திட்டமிட்டார்கள். அப்படிப் பேசப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். இதயமும் நுரையீரலும் வேறுதான், ஆனாலும் பேச்சை நோயாளியின் எண்ணத்திலிருந்து தொடங்கும் முறை இங்கேயும் பொருந்தும்.

தனித்தட்டுக்கு வருவோம், இதில்தான் எனக்கு மனவருத்தம் அதிகம். தட்டு, டம்ளர், துணி வழியாக டி.பி. பரவாது. இதற்குச் சாட்சி நம்ம ஊரிலேயே இருக்கிறது. 1956-ல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது) ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் (டி.பி. நோயாளிகளைத் தனியே தங்கவைக்கும் மருத்துவமனை), ஒரு பகுதியினரை நெரிசலான தங்கள் வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959-ல் வெளியான முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட இவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. உலகம் முழுக்க டி.பி. நோயாளியை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் குறைந்ததற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால், ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி இரண்டு வாரத்திலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைகிறது. உங்கள் கணவர் நடுவில் விட்டதால், சளி முடிவு வரும்வரை வீட்டுக்குள் முகக்கவசம், திறந்த ஜன்னல், இருமினால் துணியால் மூடுவது, காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுப்பது, இவ்வளவு போதும். இன்றைக்கே அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்துக் கழுவி அடுக்குங்கள். பிள்ளைகள் அவர் பக்கத்தில் வாசலில் உட்காரலாம். நீங்கள் சொல்லும் எதையும்விட இதை அவர் நம்புவார்.

அழுகையைப் பற்றி. "ஆம்பள அழலாமா" என்று கேட்டு வளர்ந்தவர் முகத்தை இறுக்கிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்குவதால் உள்ளே இருக்கும் வருத்தம் குறைவதில்லை, உடம்பின் படபடப்பு கூடுகிறது, அந்த நேரத்தில் கேட்டதும் சரியாக நினைவில் நிற்பதில்லை என்று ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரின் சோதனைகள் காட்டின. மருத்துவர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காகப் பிடுங்கிப் பேச வைக்கக் கூடாது. சிலர் பேசாமலே நன்றாகச் சமாளிப்பார்கள். ஒரே கவலையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புலம்புவதும் உதவாது. யாரோ ஒருவர் கேட்டு, அதற்குப் பெயர் கிடைத்து, அடுத்த காரியம் ஒன்று தெரிந்தால்தான் மனபாரம் இறங்கும். "பயமா இருக்கா, அவமானமா இருக்கா, கோபமா?" என்று பெயர் கொடுத்துக் கேட்பது சில ஆண்களுக்குப் பெரிய உதவி.

உங்களிடம் சொல்ல முடியாவிட்டால் தனியாகவும் செய்யலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட முறை இது: தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதை உறுத்துவதை எழுத்துப் பிழை பார்க்காமல் எழுதுவது. எழுத வராதவர் கைபேசியில் பேசிப் பதிந்து, பிறகு அழித்துவிடலாம். முடித்த உடனே மனம் இன்னும் கனமாக இருக்கும், அது எதிர்பார்க்க வேண்டியதே. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகத்தான் தெரிந்தது, எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. நாலு நாளில் மோசமாகிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள்.

மறுபடி கடலுக்குப் போக அனுமதி கிடைத்த பிறகு, போகும் நாட்களுக்கான மாத்திரையோடு கரை திரும்பத் தாமதமானால் என்று இன்னும் மூன்று நாளுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். கடலுக்குப் போகிறவர் என்று சொன்னால் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியது மாத்திரை தரும் இடத்தில் உள்ளவர்களின் வேலை. ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பொட்டலம், ஈரம் புகாத டப்பா, தினமும் ஒரே நேரம். கூட்டாளிகளில் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்லிவைத்தால் நினைவுபடுத்தவும் மறைக்கவும் துணையாக இருப்பார். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும் என்று அவர் பயந்தால், நிலையத்திலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று கேளுங்கள். சத்துணவுக்கென மத்திய அரசு மாதம் ரூ.1,000 தருகிறது (2024 நவம்பர் முதல் இந்தத் தொகை). மறைப்பதற்காக வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காமல் விட்டிருந்தால் இப்போது கொடுங்கள்.

ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம், மகிழ்ச்சி இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? ஒவ்வொன்றுக்கும், இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். ஸ்டான்லியில் அந்தப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் வெளிநோயாளியாகப் பார்க்கலாம். "செத்துப்போலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், நீங்கள் உங்களுக்காகவும் பேசலாம்.

மனநல மருத்துவரிடம் டி.பி. மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் பல மனச்சோர்வு மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், அபூர்வமாக ஐசோனியசிட்டே மனநிலையைக் குழப்பும். போகும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். அதே நாளில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை கேளுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தால் வராமல் தடுக்கும் மாத்திரை இலவசமாகவே கிடைக்கும்.