கர்நாடகா பதிவு எண் உள்ள கனரக ரெக்கவரி வண்டியோடு வேலூருக்குக் குடிவருகிறேன். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றுவது எப்படி?

என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்றுக்கு ஃபாரம் 28, புது நம்பருக்கு ஃபாரம் 27 என்று வரிசையாகப் போட்டு ஏற்கெனவே சிலர் பதில் எழுதிவிட்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதெல்லாம் கார் வைத்திருப்பவருக்குச் சொல்கிற பதில். நின்றுபோனதையும் கவிழ்ந்ததையும் இழுக்கிற ரெக்கவரி வண்டியை அந்த வழியிலேயே கொண்டுபோனால் பாதியில் சிக்கிக்கொள்வீர்கள்.

வண்டியைப் பற்றி நீங்கள் விவரம் எதுவும் எழுதவில்லை. நானே ஊகித்துக்கொள்கிறேன். பத்து டயர், பின்னால் வண்டியை அடியில் பிடித்துத் தூக்கும் அண்டர்லிஃப்ட், மேலே பூம் என்கிற தூக்குக் கை, வயர் ரோப்பைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் ரெண்டு. பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேலை நிறைய இருக்கு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. சென்னை–பெங்களூரு ரோட்டில் டாரஸ் லாரி கவிழ்வதற்குக் குறைச்சலே இல்லை.

என்.ஓ.சி.க்கு ஓடுவதற்கு முன்னால் ஆர்.சி.யை எடுத்து, வண்டியின் வகுப்பு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ரெக்கவரி வெஹிக்கிள்', 'பிரேக்டவுன் வேன்', 'டோ டிரக்' இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'கூட்ஸ் கேரியர்' என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதையும் பழைய மாநிலத்திலேயே முடித்துவிடுங்கள்.

காரணம் இதுதான். மத்திய அரசு 2004 நவம்பர் 5-ம் தேதி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எந்த வண்டி டிரான்ஸ்போர்ட், எது நான்-டிரான்ஸ்போர்ட் என்று அதில் ரெண்டு பட்டியல். டோ டிரக், பிரேக்டவுன் வேன், ரெக்கவரி வண்டி மூன்றும் நான்-டிரான்ஸ்போர்ட் பட்டியலில் ஒரே வரியில் இருக்கின்றன. நான்-டிரான்ஸ்போர்ட் என்றால் பதிவு 15 வருஷம் செல்லும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அதுவே சரக்கு லாரி என்று ஏறிவிட்டால் 8 வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி. (தகுதிச் சான்று), அதற்கு மேல் வருஷா வருஷம். பெர்மிட் கேட்பார்கள், வரிக்கணக்கும் வேறு. பழுதான வண்டியை இழுக்கிற வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் 66-ம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆர்.சி.யில் லாரி என்று போட்டுக்கொண்டு அந்த விலக்கைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

உடனே ஒருவர் வந்து, "ஃபிளாட்பெட்டில் புது காரையும் ஜே.சி.பி.யையும் வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அதுவும் ரெக்கவரியா?" என்று கேட்பார். இல்லை சார், அது சரக்கு. அதற்குப் பெர்மிட் எடுத்துத்தான் ஆக வேண்டும். நான் பேசுவது நின்றுபோனதையும் கவிழ்ந்ததையும் இழுக்கிற வண்டியைப் பற்றி மட்டும்.

இனி என் கதை. எங்கள் ஷெட் சித்தூரில் இருந்தது. அப்பா காலத்துத் தொழில். மொகிலி காட் ரோட்டில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் படிப்புக்காகக் காட்பாடிக்கு வந்தோம். வண்டி ஏ.பி. 03. லாரி சேஸை வாங்கி அப்பா கிரேன் கட்டியது, ஆர்.சி.யிலோ இன்னும் சரக்கு லாரி.

இங்கே ஒரு புரோக்கரைப் பார்த்தேன். "லாரின்னே மாத்திடலாம்ணே, கிரேனை எவன் பாக்கறான்? ரெக்கவரின்னு போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லாரி என்று எழுதி, மேலே கிரேன் நின்றால், அது அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியது. 52-வது பிரிவில் வரும். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் பிடிப்பதே அதைத்தான். புரோக்கரா வந்து நிற்பான்?

சித்தூருக்கே திரும்பிப் போய், பாடி கட்டியவரிடம் பில்லும் சான்றும் வாங்கி, வண்டியைக் காட்டி, வகுப்பை மாற்றி, அப்புறம்தான் என்.ஓ.சி. கேட்டேன். அதுவும் லேசில் வரவில்லை. காட் ரோட்டில் வேலை செய்யும்போது ஓரமாக நிறுத்தியதற்கு எப்போதோ போட்ட இ-சலான் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கட்டாமல் ஃபைல் நகரவில்லை. உங்கள் வண்டிக்கும் சலான் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக் கட்டிவிடுங்கள். விண்ணப்பத்துக்கு 30 நாளில் மறுப்பு வரவில்லை என்றால் என்.ஓ.சி. கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 48-வது பிரிவு சொல்கிறது. அதைக் கவுண்டரில் போய்ச் சொல்லிப் பாருங்கள், மூஞ்சியைப் பார்க்கலாம்.

இங்கே வந்து ஃபாரம் 27. கூடவே என்.ஓ.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, அங்கே வரி கட்டிய ரசீது, திருட்டு வண்டி இல்லை என்று என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) சான்று. ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதம். இது எல்லோரும் எழுதுவதுதான், நான் வளர்க்கவில்லை.

யாரும் எழுதாத ஒன்று சேஸ் பிரிண்ட், அதாவது சேஸ் நம்பரைப் பேப்பரில் தேய்த்து எடுக்கும் அச்சு. நம் வண்டியில் சேஸ் நம்பர் மேல் கிரீஸும் தார்ப்புழுதியும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பிக்கிடக்கும். டீசல் துணியால் துடைத்தேன், தின்னர் போட்டேன், பழைய பெயின்ட்டை எமரி பேப்பரால் தேய்த்தேன். கடைசி எழுத்து 3-ஆ 8-ஆ என்று தெரியாதபடி துரு தின்றிருந்தது. பேப்பரை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால்தான் வளைவு தெரிந்தது. 8-தான். அதன் மேல் செல்லோடேப் ஒட்டி ஃபாரத்தில் ஒட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். "விஞ்ச்சை ஓட்டிக் காட்டுங்க" என்றார், காட்டினேன். பிறகு, "இது நான்-டிரான்ஸ்போர்ட்ல வருமா?" என்று யோசித்தார். 2004 அறிவிக்கையைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன், நீட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். ரெக்கவரி வண்டி என்றே பதிந்தார்கள். இன்று என் ஆர்.சி.யைப் பார்க்கிற மற்ற கிரேன்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் கை நீட்டுகிறார்கள் என்றும் சொல்லவில்லை. ரெண்டு பக்கமிருந்தும் சண்டைக்கு வராதீர்கள்.

எந்த ஆபீஸ் என்பதையும் பாருங்கள். 2019-ல் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். வேலூர் டி.என். 23. ஷெட்டை ஆம்பூரில் போட்டால் அது திருப்பத்தூர் மாவட்டம். வாலாஜாவில் போட்டால் ராணிப்பேட்டை, டி.என். 73. முகவரிச் சான்று எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற ஆபீஸுக்குப் போங்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால்தானே நம்பர் மாற்ற வேண்டும் என்று சிலர் சும்மா இருப்பார்கள். அது நம்பருக்கான கெடு, வரிக்கு விலக்கு இல்லை.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஒன்று கேளுங்கள். கிரேன் மாதிரியான வண்டி, தூக்குகிற வேலையின்போது குப்புற விழுந்தால், அந்தச் சேதத்துக்குத் தனியாகக் கட்டியிருந்தால்தான் பணம். ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார்.

நம்பர் மாறும் வரை ரோட்டில் நிறுத்துகிறவர்கள் எல்லோரும், "இன்னா, ஆந்திரா வண்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சித்தூர் என்ன சீமையா? 1911 வரை வட ஆற்காட்டு ஜில்லாவுக்குத் தலைநகரே அதுதான். உங்களைக் 'கர்நாடகா வண்டி' என்பார்கள், காவிரி பற்றியும் கேட்பார்கள். தயாராக வாருங்கள்.

ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஹைவேயில் லாரி கவிழ்ந்து டிராஃபிக் நின்றால், அதே ஆந்திரா வண்டிக்குத்தான் ஒரு ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "சீக்கிரம் வாப்பா, பணம் லாரி ஓனர்கிட்ட வாங்கிக்கலாம்." போய், ரெண்டு விஞ்ச்சையும் போட்டு, வயர் ரோப் ஒன்று அறுந்து, விடியற்காலையில் ரோட்டைத் திறந்துவிடுவோம். லாரி ஓனர் நாமக்கல்லில் இருப்பார், போன் எடுக்கமாட்டார். ஸ்டேஷனில் கேட்டால், "பப்ளிக் சர்வீஸ்தானேப்பா" என்பார்கள். அந்த வயர் ரோப் என்ன விலை என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் ஓனரின் நம்பரை வாங்கி, ரேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் கொக்கியை மாட்டுகிறேன். ஸ்டேஷனில் கோபப்படுகிறார்கள், படட்டும்.