இரவுப் பணிக்காரரின் மகளுக்கு எந்தப் படிப்பு?

ஐயா, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று ஆலோசனை கேட்கச் சென்ற வாரம் நீங்கள் என் முன்னால் வந்து அமர்ந்தபோது உங்கள் கண்கள் சிவந்திருந்தன. இரவுப் பணி முடிந்து, உறங்காமல் நேரே வந்திருந்தீர்கள். உங்கள் அண்ணன் கணினிப் பொறியியலுக்கு ஓர் இடம் பேசி வைத்திருப்பதாகவும், வீட்டை அடமானம் வைத்தால் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்றும், உங்கள் மகளாவது இரவில் கண் விழிக்காமல் வாழவேண்டும் என்பதற்காகவே இத்தனையும் என்றும் சொன்னீர்கள். நீங்கள் பேசி முடித்த பிறகு உங்கள் மகள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் இரவுப் பணிக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு வரி இருந்தது. வீடு திரும்பியது 7.10; உறங்கியது 8.25, விழித்தது 11.40, காரணம் வாசல் மணி. மறுபடி படுத்தது 12.15, விழித்தது 1.05, காரணம் பெரியப்பாவின் தொலைபேசி. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் சராசரி கணக்கிட்டிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்து அவள் செய்த வேலையில்லை இது.

நல்லதே நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த படிப்பு உங்கள் அச்சத்துக்கு மருந்தாகாது. கணினித் துறையில் பகல் வேலைகள் நிறைய இருக்கின்றன என்பது உண்மைதான். ஆயினும் வாடிக்கையாளர் பூமியின் மறுபக்கத்தில் இருந்தால் அவருடைய பகல்தான் இவளுடைய வேலை நேரம், சர்வர் பராமரிப்பையும் பயனர்கள் உறங்கும் நேரம் பார்த்துத்தான் வைப்பார்கள். கடன் இல்லாத பட்டதாரி அப்படிப்பட்ட வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அடமானத் தவணையைச் சுமப்பவளால் அப்படிச் சொல்ல முடியாது; இரவுப் பணிக்கான கூடுதல் படி சேர்ந்து வருகிறது என்பதற்காகவே ஒப்புக்கொள்வாள். ஆகவே வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

“எனக்குப் பழகிவிட்டது” என்றும் சொன்னீர்கள். மனத்துக்குப் பழகியிருக்கலாம், உடலுக்குப் பழகுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுமார் 20,000 நரம்புச் செல்கள்தாம் உடலின் நேரத்தை நிர்ணயிக்கின்றன. அவை ஒளியைப் பார்த்தே ஒவ்வொரு நாளும் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலை வெயிலில் நீங்கள் வீடு திரும்பும்போது, இது விடியல், எழுந்திரு என்றுதான் அவற்றுக்குச் செய்தி போகிறது. அதனால்தான் களைப்பு எவ்வளவு இருந்தாலும் பகல் தூக்கம் பாதியில் கலைகிறது. இரவில் உண்ட உணவின் சர்க்கரையைக் கையாளும் திறனும் உடலுக்கு அந்நேரத்தில் குறைவு. நீண்டகால இரவுப் பணியாளர்களிடம் நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல், உடற்கடிகாரத்தைக் குலைக்கும் சுழற்சிப் பணியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தபோது இரவுப் பணி என்ற பெயரில் அதே பிரிவில் தொடர்ந்தது. இரவில் உழைப்பவர் எல்லாருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. அலட்சியப்படுத்த முடியாத அளவுக்குச் சான்று இருக்கிறது என்பதே.

வழக்கமான படிப்புகளின் பட்டியலை நான் தரப்போவதில்லை. அதற்கு உங்கள் உறவினர்களே போதும். அந்த நோட்டைப் பார்த்ததும் என் நினைவுக்கு வந்த துறை ஒன்றுதான்: வேலை செய்யும் இடம் தொழிலாளியின் உடல்நலத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் தொழில்சார் சுகாதாரம். 1700இல் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் ராமாஸினி, நோயாளியிடம் “என்ன தொழில் செய்கிறாய்?” என்றும் கேட்கவேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். ஊர் உறங்கும்போது உழைக்கும் ரொட்டி சுடுபவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியை இன்று கருவிகளோடு கேட்பவர்களே இத்துறையினர்.

தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்குக்கு அருகே, காற்று மாதிரி எடுக்கும் சிறு குழாயைப் பொருத்துவார்கள். இடுப்பில் கட்டிய பம்பு பணி முடியும்வரை அவர் சுவாசிக்கும் காற்றை உறிஞ்சிச் சேகரிக்கும். இரைச்சலை அளப்பார்கள்: 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்று வரம்பு வைத்தால், 3 டெசிபெல் கூடும்போது ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுவதால், 88 டெசிபெல்லில் 4 மணி நேரம்தான் அனுமதி. பணி நேரம் 8 மணியிலிருந்து 12 மணியாக நீண்டால் காற்றிலுள்ள இரசாயனத்தின் வரம்பு எவ்வளவு குறையவேண்டும்? மூன்றில் ஒரு பங்கு என்று நாம் நினைப்போம். ஓய்வில் உடல் அதை வெளியேற்றும் நேரமும் குறைவதால், பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம் வரம்பைப் பாதியாகவே ஆக்கிவிடுகிறது. இந்தக் கணக்கை உங்கள் மகளிடம் சொன்னபோது அவள் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பணி அட்டவணையைத் திருத்துவதும் இவர்கள் வேலையே. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் முறையை உடல் ஓரளவு தாங்கும். பின்னோக்கிச் சுழன்றால் திணறும். 1982இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தொழிற்கூடம் ஒன்றில் சுழற்சியின் திசையை மாற்றியும் ஒரே நேரப் பணியில் தொடரும் நாட்களைக் கூட்டியும் பார்த்தது. தொழிலாளர்களின் மனநிறைவும் உடல்நலமும் உற்பத்தியும் மேம்பட்டன. உங்கள் ஆலையில் சுழற்சி எந்தத் திசையில் போகிறது என்று நான் கேட்டபோது உங்களுக்கு முன்பாக அவள் பதில் சொன்னாள்: பின்னோக்கி.

இதற்கு அடித்தளமாக வேதியியலிலோ உயிரியலிலோ இயற்பியலிலோ இளநிலைப் பட்டமும், ஓரளவு புள்ளியியலும் போதும். சிறப்புப் படிப்பு அதற்குப் பிறகுதான். சாதாரண அறிவியல் பட்டப்படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கவேண்டியதில்லை. மூன்றாண்டுக்குப் பின் அவள் மனம் மாறினாலும் அந்தப் பட்டம் வீணாகாது. ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன்: இரவில் நடப்பதை இரவில்தான் அளக்க முடியும் என்பதால் சில இரவுகள் அவளும் ஆலைத் தளத்தில் நிற்க நேரும். ஆனால் வேலை பெரும்பாலும் பகலில்தான்.

“திருமணப் பேச்சில் என்ன படிப்பு என்று சொல்வது?” என்று உங்கள் அண்ணன் கேட்டதாகச் சொன்னீர்கள். தவணையை அவர் கட்டப்போவதில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து நோட்டு எழுதியதும் அவர் இல்லை.

அந்த இடத்துக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். அடுத்த முறை இரவுப் பணி முடிந்த காலையில் வரவேண்டாம். விடுப்பு நாளில், நன்றாக உறங்கி எழுந்து வாருங்கள். நீங்களும் மகளும் வந்தால் போதும். நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.