அந்த வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள்

கேள்வி: எங்கள் சபையில் ஒரு குடும்பம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். மகளுக்கு 14 வயது, படிவம் இரண்டு. நான்கு மாதமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், கிட்டப் போனால் எரிந்து விழுகிறாள். தாயும் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள் சிலர். உபவாச ஜெபம் வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாங்கள் போய்ப் பார்க்கலாமா? போனால் என்ன பேசுவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கட்டாயம் போங்கள், சகோதரி. ஆனால் வேன் பிடித்துக்கொண்டு எட்டுப் பேராகப் போகாதீர்கள். அந்தத் தாய்க்கு மிகவும் பழக்கமான இரண்டு பேர் போதும். முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டத்து வீட்டில் கூடத்தில் பேசுவது அறைக்குள் அப்படியே கேட்கும், அதை மறக்க வேண்டாம். மகளைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபிப்பதற்கு முன், "உனக்காக ஜெபிக்கலாமா?" என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய் ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும்.

அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை, ஆகவே நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகவே வரவேண்டும் என்பதில்லை. எரிச்சலாக வரும், காலையில் வயிற்றுவலியாக வரும், இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குவதாக வரும். பெரியவர்கள் அதைத் திமிர் என்று படித்துவிடுகிறார்கள். இப்படி இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும், இவளுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. பரம்பரை, பள்ளியில் பகடிவதை, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாய்வழிப் பாடத்தோடு மல்லுக்கட்டுவது, சில சமயம் இரத்தசோகை அல்லது தைராய்டு என்று காரணங்கள் பின்னிக் கிடக்கும். நம் மலேசியாவில் 2022-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. உங்கள் ஞாயிறு பள்ளி மூத்த வகுப்பையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு யோவான் 9-ஆம் அதிகாரத்தை நினைவூட்டலாம். "யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். அதே கேள்வியை நாம் இன்னும் தேநீர் மேசையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, எனக்குக் கோபம் வரும் விஷயம்: ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் கதையைப் போடுவது. பெயரைப் போடாவிட்டாலும் சின்ன ஊரில் யார் வீடு என்று தெரியாதா? நான்கு மாதம் கழித்து அவள் பள்ளிக்குத் திரும்பும்போது சக மாணவி அதைச் சொல்லிக் கேலி செய்தால், அவள் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள்.

சிகிச்சைக்கு முதல் படி உங்கள் ஊர் அரசாங்க கிளினிக். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போ பொது மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். பள்ளி ஆலோசகரிடமும் பெற்றோர் பேசலாம். அந்தத் தந்தை, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா கொண்டுபோகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கக்கூடும். பேராக்கில் யாருக்கும் அந்தப் பயம் உண்டு. 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் ஊர்ப் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. பெரும்பாலான பிள்ளைகள் வார்டு பக்கமே போவதில்லை, பேச்சுவழிச் சிகிச்சைக்கு வந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று சொல்லுங்கள்.

மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டும். நன்றாகத் தேறி வந்த ஒரு பெண், "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென நிறுத்தினாள். ஆறு வாரத்தில் திரும்பவும் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள், முன்பைவிட மோசமாக. சொன்னவர் நல்லவர்தான். உபவாசம் இருங்கள், ஜெபியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் வேலை மட்டும் உங்களுடையது அல்ல.

"நான் இருந்து என்ன பயன்" என்பதுபோல அவள் பேசினால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று தாய் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனை. வீட்டில் இருக்கும் களைக்கொல்லியையும் மாத்திரைகளையும் இப்போதே பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 999, பேச ஆள் வேண்டும் என்றால் 15555, அல்லது பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. போலீஸ் வரும் என்று சிலர் மறைப்பார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

அப்புறம், என்ன பேசுவது என்று கேட்டீர்கள். அதிகம் பேச வேண்டாம். "சாப்பிட்டீர்களா?" என்று அந்தத் தாயைக் கேளுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள். ஈப்போவுக்குப் போகும் நாளில் கார் எடுத்து வர ஒருவர், சின்னப் பிள்ளை இருந்தால் பள்ளியிலிருந்து அழைத்து வர ஒருவர் என்று பேசி வையுங்கள். லோரி ஓட்டுபவருக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், ஆறாவது வாரம்தான் ஆள் இருக்காது. அதனால் டிபன் கேரியரில் கறி கொண்டு போனால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் வாங்கப் போக வேண்டுமே.