சிவந்த கொழுந்து படத்தில் வெளிறுவது ஏன்?

தலவாக்கலை வாசகர் ஒருவரின் கேள்வி: நுவரெலியாப் பக்கம் காட்டு மரங்கள் இலையுதிர்காலம் போலச் சிவந்து நிற்கின்றன. படமெடுத்தால் சிவப்பு வெளிறிவிடுகிறது. ஹக்கலைக் காட்டுக்குள் படமெடுக்க அனுமதி வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஹக்கலையில் டிக்கெட் எடுத்து நாம் போகக்கூடியது தாவரவியல் பூங்காவுக்குத்தான். அதை ஒட்டிய மலைக்காடு கடும் இயற்கை ஒதுக்கிடம். படமெடுக்கப் போகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல்தான் விழும், தரகர் மேல் அல்ல. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை எல்லா இடத்திலும் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் இந்தப் பிழைப்பே படுத்துவிடும். இதை இன்னும் எத்தனை தடவை கேட்பது! ஹோட்டன் சமவெளி அப்படியல்ல, அது தேசியப் பூங்கா. டிக்கெட் எடுத்துப் போங்கள், பாதையிலிருந்தே எடுக்க நிறைய மரம் இருக்கிறது.

சரி, படத்துக்கு வருவோம். நம் மலையில் இலையுதிர்காலம் கிடையாது. நீங்கள் பார்ப்பது உதிரப்போகும் இலை அல்ல, கொழுந்து. நாவல் இனத்து மரங்கள் பலவும் காட்டுக் கறுவாவும் சிவப்பாகத்தான் துளிர்க்கும், முற்றினால் பச்சை. கொழுந்தின் மேல்தோல் வழுவழுப்பானது, பனியில் நனைந்தால் இன்னும் மினுங்கும். வெள்ளை வானம் அதில் பட்டுத் தெறித்து நிறத்தை மூடிவிடுகிறது.

லென்ஸில் போலரைசர் ஃபில்டரை (மினுக்கத்தைக் குறைக்கும், சுழற்றக்கூடிய கண்ணாடி) மாட்டி, திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் வெள்ளை மினுக்கம் விலகிச் சிவப்பு எழும்பும், அங்கே நிறுத்துங்கள். போன் என்றால் போலரைஸ்ட் கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பலாம். கடையில் யூவி ஃபில்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது இந்த மினுக்கத்தைத் துளியும் குறைக்காது, வாங்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வந்தால் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். அப்போது ஒளி இலைக்குள் புகுந்து வருகிறது, நரம்புகூடத் தெரியும். ஃபில்டர் வெளிச்சத்தை வீணாகத் தின்னும். ஆனால் அதே கிளையில் பக்கத்து இலை முன்வெளிச்சத்தில் மினுங்கினால் அதற்குத் திரும்பவும் மாட்டத்தான் வேண்டும். ஆகவே மரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஃபோகஸ் செய்யும் இலையைப் பாருங்கள். பின்வெளிச்சத்தில் சிவப்பு சீக்கிரம் எரிந்து திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு படி குறைத்து எடுங்கள்.